கடைசி அத்தியாயத்து நிலக்கிழார்

அந்தக் காலத்து நாவல்களின் கடைசி அத்தியாயத்தை நான் ஒருநாளும் நம்பியதில்லை. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழில் வந்து குவிந்த சமூக நாவல்களைச் சொல்கிறேன். பாதிக்கு மேல் தலைப்பிலேயே ‘அல்லது’ போட்டு இரண்டு பெயர் இருக்கும். மிராசுதார் மகன் ஏழைப் பெண் ஒருத்தியைக் காதலிப்பான். அப்பா குதிப்பார், அம்மா மயங்கி விழுவாள், விதவை அத்தை பாலில் விஷம் கலப்பாள். நடுநடுவே ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு நம் எதிரில் வந்து நின்று, ஏழையும் மனிதன்தான் என்று பக்கம் பக்கமாகப் பிரசங்கம் செய்வார். கடைசி அத்தியாயத்தில் பெண்ணின் தோளில் ஒரு மச்சம் தெரியும், இல்லாவிட்டால் பழைய பெட்டியிலிருந்து ஒரு மோதிரம் உருளும். அவள் ஏழையே இல்லையாம். குழந்தையில் தொலைந்துபோன ஜமீன்தார் மகளாம். எல்லாரும் கட்டிப்பிடித்து அழுவார்கள், கல்யாணம் நடக்கும்.

இதற்குப் பெயர் சீர்திருத்த நாவல். ஏழைப் பெண்ணை ஏழைப் பெண்ணாகவே வீட்டுக்குள் விடுகிற துணிச்சல் அவற்றில் ஒரு மாமனாருக்கும் கிடையாது, எழுதிய ஆசாமிக்கும் கிடையாது. அவளை அதுவரை சோறு போட்டு வளர்த்தானே ஒரு கூலிக்காரத் தகப்பன், அவன் என்ன ஆனான் என்று ஒரு வரி இருக்காது. சில ஆசிரியர்கள் பெரிய மனசு பண்ணி, அவனை அரண்மனைத் தோட்டத்தில் வேலைக்கு வைத்துக்கொண்டதாக எழுதியிருப்பார்கள்.

இதையெல்லாம் நான் கல்லூரியில் கற்கவில்லை. எண்பதுகளின் நடுவில், அம்பத்தூரில் ஒரு பெரிய வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, சனிக்கிழமை மதியங்களில் வாய்விட்டுப் படித்துக் கற்றது. அந்த வீட்டு ஐயா எங்கள் தேவாலயத்துச் சபைக் கமிட்டியில் முக்கியமானவர். அரசு அலுவலகம் ஒன்றில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு கண்ணிலும் புரை. அந்த நாளில் புரை நன்றாகப் பழுத்தால்தான் டாக்டர் கத்தி வைப்பார், அதுவரை தடவிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அவருடைய தகப்பனார் சேர்த்துவைத்த நாவல்கள், காலிகோ அட்டை போட்டு, கண்ணாடி அலமாரி நிறைய இருந்தன. அவற்றைப் படிக்க முடியவில்லையே என்று அவர் போதகரிடம் புலம்ப, போதகர் என்னை அனுப்பிவைத்தார். நான் அப்போது தமிழில் பட்டம் வாங்கிவிட்டு, அஞ்சல் வழியில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு மண்ணூர்பேட்டையில், ஒரே கூரையின் கீழ் நாலு குடித்தனம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; அவருக்கு எஸ்டேட்டில், அதாவது அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் வேலை. பவர் பிரஸ் என்றால் தகட்டை வைத்து மிதியை அழுத்தினால் மேலிருந்து இரும்பு இறங்கி வெட்டும். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அது நைனாவின் இடது கையில் இரண்டு விரலைத் தகடோடு சேர்த்து எடுத்துக்கொண்டது. அதற்கப்புறமும் அதே மெஷினில்தான் வேலை செய்தார்.

சபையிலும் எங்களுக்கு என்று ஓர் இடம் இருந்தது. உத்தியோகஸ்தர் காலனிக் குடும்பங்கள் முன் பெஞ்சுகளில், மின்விசிறிக்கு நேர் கீழே. நாங்கள் பின்னால் கதவோரமாகப் பாயில். இப்படி எங்கேயும் எழுதிவைக்கவில்லை. ஆண்டவர் முன்னால் எல்லாரும் சமம் என்று போதகர் சொல்லும்போது பெஞ்சில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள், பாயில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

“பெரிய ஊட்டுப் பழக்கம், நல்லதுதான். போய்ட்டு வா” என்றாள் அம்மா. போனேன். அங்கே அவர்கள் பூப்போட்ட பீங்கான் கோப்பையில் காபி குடிப்பார்கள். எனக்கு எவர்சில்வர் டம்ளர். அது பின்கட்டு மேடையில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். யாரும் எதுவும் சொன்னதில்லை. எதையும் வாய்விட்டுச் சொல்லாமல் செய்து முடிப்பதுதான் அந்த வீட்டு நாகரிகம்.

ஐயா கைக்குட்டையை நாலாக மடித்து மடியில் தயாராக வைத்துக்கொண்டு உட்காருவார். கூலிக்காரன் குடிசையில் விளக்கு அணைந்தால் அழுவார். மிராசுதார் தன் மகனை வீட்டை விட்டுத் துரத்தினால் அழுவார். மச்சம் தெரிகிற இடம் வந்தால் தேம்பித் தேம்பி அழுது, “அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் வாசி பிள்ளை” என்பார். இன்னொரு தரமும் அழுவார். ஒரு மனிதர் இவ்வளவு சுகமாக அழுது நான் பார்த்ததில்லை.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். “ஐயா, அந்தப் பொண்ணு கடைசிவரைக்கும் கூலிக்காரன் மகளாவே இருந்திருந்தா?”

அவர் யோசிக்கக்கூட இல்லை. “கதை கெட்டுப்போயிருக்குமே பிள்ளை” என்றார்.

அவருடைய சம்சாரம் பக்கத்தில் உட்கார்ந்து கிரோஷா ஊசியால் மேஜைவிரிப்பு பின்னிக்கொண்டிருப்பார். அந்த அம்மாவுக்கு என்னைப் பிடிக்காது. வாசலில் செருப்பை விட்டால், இன்னும் கொஞ்சம் தள்ளி விடு என்பார். இருந்தாலும் நான் அவரிடம் ஒரு மரியாதை வைத்திருந்தேன். அவருடைய வெறுப்பு நேரானது. ஐயாவின் கருணைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அந்த அம்மாவிடம் இந்தச் சங்கடமே இல்லை.

அவர்களுடைய மகனுக்கு ஆவடியில் ஓர் அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமை அரை நாள்தான். மதியம் வந்து, கதவில் சாய்ந்து நின்றபடி கேட்பார். விஷம் வைக்கிற அத்தையின் வசனங்களை நான் கொஞ்சம் குரலை மாற்றி, நக்கலாகத்தான் படிப்பேன். ஐயாவுக்கு அது நக்கல் என்றே தெரியாது, நல்ல பாவத்தோடு வாசிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார். மகன் மட்டும் சரியாக அந்த இடத்தில் சிரிப்பார். இப்படித்தான் ஆரம்பித்தது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. நான் சிரிக்கிற இடத்தில் சிரிக்க இன்னொருவர் இருக்கிறார் என்பதே அந்த வயதில் பெரிய விஷயம்.

ஒரு மாலை பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்து, “உங்களையே கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். எங்க வீட்ல நான் பேசறேன்” என்றார். பஸ் வந்தது. நான் ஏறாமல் அடுத்த பஸ்ஸில் போனேன்.

அவர் பேசினார். வீட்டில் பூகம்பம். அவருடைய அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: “அவங்க என்ன ஆளுங்கன்னு எனக்குத் தெரியும். இந்த வீட்ல அது நடக்காது.” ஐயா சாப்பாட்டைத் தள்ளிவைத்தார், படுத்துக்கொண்டார், ஜெபம் பண்ணினார். அடுத்த சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டனுப்பினார். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பப் போகிறார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் பிரம்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு களை.

“உங்க பூர்வீகம் எது பிள்ளை?”

“திருமழிசைப் பக்கங்க ஐயா.”

“அங்க நிலம் இருந்ததா?”

“இருந்துச்சுங்க. வேற ஒருத்தர் நிலம். அதுல எங்க தாத்தா கூலிக்கு ஏர் ஓட்டினாரு, ஆயா நடவு நட்டாங்க.”

“அப்போ நிலத்தோட சம்பந்தம் இருந்திருக்கு” என்றார். புரை விழுந்த கண்கள் ஏதோ வெளிச்சத்தைப் பார்க்கிற மாதிரி மேலே போயின. “கம்பெனிங்க வந்தப்ப அந்தப் பக்கம் எத்தனையோ நல்ல குடும்பங்க நிலத்தைக் குடுத்துட்டு நொடிஞ்சு போச்சு. யாருக்குத் தெரியும்? உங்கப்பாவும் அப்படித்தான் எஸ்டேட் வேலைக்கு வந்திருக்கணும்.”

“அவரு வேலை தேடி வந்தாருங்க.”

“விதி பிள்ளை, விதி” என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கண் தெரியாத கிழவர் எதையோ உளறுகிறார் என்று விட்டுவிட்டேன். அவர் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கடைசி அத்தியாயத்தைத் தானே எழுதிக்கொண்டிருக்கிறார் என்பது உறைக்கவில்லை. அன்றைக்குக் காபி பீங்கான் கோப்பையில் வந்தது.

அதற்குப் பின் கதை என் கையில் இல்லை. சபையில், சொந்தக்காரர்களிடத்தில், போதகரிடத்தில், எல்லா இடத்திலும் ஐயா பரப்பினார். பெண் வீட்டார் திருமழிசைப் பக்கம் பெரிய நிலக்கிழார் பரம்பரை, கம்பெனிக்கு நிலம் போய் நொடித்த குடும்பம், கௌரவத்தை வெளியே காட்டிக்கொள்ளாதவர்கள். எந்தக் கம்பெனி, எந்த வயல் என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் எல்லாருக்கும் அந்தக் கதை தேவைப்பட்டது. பாயில் உட்கார்ந்தவன் மகளைப் பெஞ்சுக்குக் கொண்டுவர வேறு வழி அவர்களுக்குத் தெரியாது. அப்படிச் செய்துவிட்டுத் தாங்கள் ஏழைப் பெண் எடுத்த தியாகிகள் என்றும் சொல்லிக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே வாயால் சொன்னார்கள்.

ஐயா ஒருநாள் காரில் எங்கள் வீட்டுக்கே வந்தார். நாலு குடித்தனமும் வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி கடன் வாங்கிப் போட்டோம். நைனா ஷிப்ட் முடிந்து வந்த நீலச் சட்டையோடு நின்றார். ஐயா அவரை உட்காரச் சொன்னார், அதுவும் எங்கள் வீட்டிலேயே.

“நிச்சயத்தன்னிக்கு எங்க ஆளுங்க நிறைய பேர் வருவாங்க. உங்க உத்தியோகம் என்னன்னு கேட்டா மேற்பார்வைன்னு சொல்லிடுங்க. அதுல பொய் ஒண்ணும் இல்லையே. மெஷினை நீங்கதானே பார்த்துக்கிறீங்க?”

“ஆமாங்க ஐயா, நான்தான் பாத்துக்கிறேன்” என்றார் நைனா.

“நிலத்தைப் பத்திக் கேட்டா சுருக்கமாச் சொல்லுங்க. அப்புறம்...” ஐயா குரலைத் தாழ்த்தினார். “அந்தக் கை. பைக்குள்ள வெச்சுக்கிட்டீங்கன்னா நல்லது. பெண்கள் பார்த்தா பயந்துக்குவாங்க.”

நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நைனா இப்போது ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கம்பெனியில் சூப்பர்வைசரைச் சட்டையைப் பிடித்தவர் என்று அவரைப் பற்றித் தெருவில் சொல்வார்கள்.

“அதுக்கு இன்னாங்க ஐயா. வெச்சிக்கினா போச்சு” என்றார் நைனா.

நிச்சயதார்த்தம் அவர்கள் வீட்டில் நடந்தது. நைனாவுக்கு ஐயாவே ஒரு கோட்டு கொடுத்து அனுப்பியிருந்தார். தோள் இறங்கி, கை நீண்டு, யாருடையதோ என்று தெரிகிற கோட்டு. இடது கை பைக்குள். அம்மா ஒரு மூலையில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஆல்பத்துக்கு எடுக்கிற போட்டோவில் விழாமல் உட்கார்ந்திருந்தாள். பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த ஐயாவின் சித்தப்பா ஒருத்தர், காதில் மெஷின் மாட்டியவர், நைனாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி விசாரித்தார்.

“நஞ்சையா, புஞ்சையா?”

“நஞ்சைங்க” என்றார் நைனா. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “கெணத்துத் தண்ணி இளநி மாதிரி இருக்கும். வரப்புல தென்னை. எங்க அப்பா காலைல கொடை புடிச்சிக்கினு ஒரு சுத்து சுத்தி வருவாரு. ஆளுங்க எல்லாம் ஏர நிறுத்திட்டுக் கும்புடுவாங்க.”

அந்த ஏரை நிறுத்திக் கும்பிட்டவரே என் தாத்தாதான். குடை பிடித்துச் சுற்றி வந்தவர் நிலத்துக்காரர். நைனா சின்ன வயதில் வரப்பில் நின்று பார்த்ததை அப்படியே, ஆளை மட்டும் மாற்றிப் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐயா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்த நிமிஷம் அந்த வீட்டின் மீது, அந்தக் கோட்டின் மீது, அந்தக் காது மெஷின் கிழவர் மீது, எல்லாவற்றின் மீதும் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மோதிரத்தை அப்போதே கழற்றி வைத்திருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அந்த வாரமே அவரைப் பஸ் நிறுத்தத்தில் பிடித்துக் கேட்டேன். “உங்கப்பா என்ன பண்ணிக்கிட்டிருக்காருன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும். விடுங்களேன், ஒருநாள் கூத்து. அப்பாவுக்கு அது ஒரு ஆறுதல். அம்மாவும் அதாலதான் ஒத்துக்கிட்டாங்க. கல்யாணம் முடிஞ்சா யார் கேக்கப் போறா?”

“எங்க நைனாவை யாரோ ஒருத்தரா ஆக்கிட்டீங்களே?”

“அவரே சந்தோஷமாத்தானே இருக்காரு” என்றார்.

அத்தையின் வசனத்துக்குச் சரியான இடத்தில் சிரித்தவர். கதையில் வந்த எல்லா அயோக்கியத்தனமும் அவருக்குப் புரிந்தது, வீட்டில் நடந்தது மட்டும் ஆறுதலாகத் தெரிந்தது. படித்தவர்கள் நாவல் படிப்பதே இதற்குத்தானோ என்று தோன்றியது. அழ வேண்டியதையெல்லாம் சனிக்கிழமை அழுது தீர்த்துவிட்டால் மற்ற நாளில் கை சுத்தமாக இருக்கும்.

வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொன்று. நைனா கம்பெனி ஆட்களைக் கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

“ஏன்?” என்றேன்.

“அவங்க வந்தா ஒரே கலாட்டாம்மா. அண்ணாத்தே, மாமேன்னு கத்துவானுங்க. அப்புறமா இங்க தனியா ஒரு பிரியாணி போட்டுக்கலாம்.”

“உன் கை போனப்ப உன்னத் தூக்கிக்கினு ஓடுனவங்க நைனா அவங்க. வேட்டிய அவுத்துக் கையில சுத்துனவரு இருக்காரே, அவருமா வரக்கூடாது?”

“அவனும்தான்” என்றார் நைனா, என்னைப் பார்க்காமல். “உனக்காகத்தானே கண்ணு. நீ அந்த ஊட்டுக்குப் போயி தலை நிமிர்ந்து இருக்கணும்ல?”

அம்மா அடுப்படியிலிருந்து, “அவர இன்னாத்துக்குடி கேக்குற? ஆச்சு, போ” என்றாள்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, இதற்குத் தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று போதகர் படித்துவிட்டு ஒரு மூச்சு நிறுத்துவார். யாரும் சொன்னதில்லை. அந்த நிறுத்தத்தில் இருமுகிறவர்கள் இருமிக்கொள்வார்கள். அந்த ஞாயிறுகளில் மணப்பெண் கோயிலுக்கு வருவதில்லை என்பதும் வழக்கம். அதனால் முதல் ஓலையை நான் கேட்கவில்லை. பக்கத்துக் குடித்தனத்து அக்கா வந்து சொன்னாள்.

“உங்க நைனா பேருக்கு முன்னாடி இன்னாவோ நெலக்கிழார்னு படிச்சாங்கடி. நான் வேற யாரோன்னு நெனைச்சிக்கினேன். அப்புறம் பாத்தா உங்க நைனா முன் பெஞ்சில குந்திக்கினு கீறாரு. அந்த ஐயா கையப் புடிச்சி இட்டுக்கினு போயி குந்த வெச்சாரு.”

ஓலையில் பெயரும் ஊரும் மட்டும்தான் எழுதுவார்கள். பட்டம், பரம்பரை எல்லாம் எழுதுகிற பழக்கமே கிடையாது. கமிட்டிக்காரர் எழுதிக் கொடுத்ததைப் போதகர் மறுபேச்சில்லாமல் படித்திருக்கிறார். இனி இது ஒருநாள் கூத்து இல்லை. ஆண்டவர் சன்னிதியில் சபை முழுக்கக் கேட்க எனக்கு வேறொரு அப்பாவை எழுதிவைத்துவிட்டார்கள். இந்தக் கல்யாணம் நடந்தால் என் பிள்ளைகளுக்கும் அந்தத் தாத்தாதான். பிரஸ் ஷாப் தாத்தா ஒருவர் இருந்தார் என்பதே இருக்காது. தோட்ட வேலைக்குக்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாம் ஓலையும் போனது. நைனாவிடம் சண்டை போட்டேன், கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் ஓலையைத் திருத்தச் சொல்லுங்கள் என்றேன். அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு, இப்போது வேண்டாம் என்றார். மூன்றாம் ஞாயிறு காலை நான் தலை வாரிக்கொண்டிருந்தபோதே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. “வேணாண்டி, ஓலை அன்னிக்குப் பொண்ணு போவக்கூடாது” என்று கதவை மறித்தாள். ஒதுக்கிவிட்டுப் போனேன்.

பாயில், எங்கள் இடத்தில் உட்கார்ந்தேன். நைனாவின் தலை முன்னால் மின்விசிறிக்குக் கீழே தெரிந்தது. எண்ணெய் தடவிப் படிய வாரியிருந்தார். போதகர் ஓலையை எடுத்தார். திருமழிசை நிலக்கிழார் பரம்பரையைச் சேர்ந்தவரும், தொழிற்சாலை மேற்பார்வையாளருமான இன்னாரின் மகளுக்கும் என்று படித்தார். தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் என்று படித்து, மூச்சு நிறுத்தினார்.

எழுந்தேன். “எனக்கு இருக்குங்க ஐயா.”

இருமிக்கொண்டிருந்தவர்கள் பாதி இருமலில் நின்றார்கள். பெஞ்சுகளெல்லாம் ஒன்றாகத் திரும்பின. போதகர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

“நீ... நீதானேம்மா மணப்பொண்ணு?”

“ஆமாங்க. ஆனா இப்ப வாசிச்சீங்களே நிலக்கிழார், அவருக்கு நான் மகள் இல்ல. அவர யாருன்னே எனக்குத் தெரியாது. எங்க நைனா எஸ்டேட்டுல பவர் பிரஸ் ஓட்டறாரு. எங்க தாத்தா கூலிக்கு ஏர் ஓட்டினாரு. அப்படி எழுதி வாசிச்சா எனக்குத் தடை இல்லீங்க.”

ஐயா எழுந்து நின்று, சத்தம் வந்த பக்கம் தெரியாமல் பாடகர் குழுவைப் பார்த்துக் கையெடுத்து, “உட்காரு பிள்ளை, உட்காரு” என்றார். அவருடைய சம்சாரம் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டே, “நான்தான் அன்னைக்கே சொன்னேனே” என்று பக்கத்து அம்மாவிடம், எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார். மாப்பிள்ளை குனிந்து பைபிளில் எதையோ தேடினார். கிடைத்ததா தெரியவில்லை, நிமிரவே இல்லை. ஒரே ஒரு தடவை அவர் எழுந்து, ‘அவ சொல்றது நிஜம், அப்படியே வாசிங்க’ என்று சொல்லியிருந்தால் போதும். நான் நின்றுகொண்டே காத்திருந்தேன். போதகர் என்ன செய்வதென்று தெரியாமல் அடுத்த பாட்டுக்குச் சைகை காட்டினார், ஆர்மோனியக்காரர் பதறி வேறு பாட்டை வாசித்தார். பாதி சபை ஒரு பாட்டும் பாதி சபை இன்னொரு பாட்டும் பாடியது.

கல்யாணம் நின்றது. மறு வாரம் சபை ஊழியர் வந்து மோதிரத்தை வாங்கிக்கொண்டு போனார். ஐயா என் மீது கோபப்படவில்லையாம், எனக்காக ஜெபிக்கிறாராம். தன் வீட்டில் நடக்க இருந்த நல்ல கதை கெட்டுப்போனதற்குத்தான் அவர் அழுதிருப்பார். பின்னால் கண் ஆபரேஷன் ஆகி, தொண்ணூறுகளில் என்னை அம்பத்தூர் கடைத்தெருவில் நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போனார்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து நைனாவும் நானும் நடந்தே திரும்பினோம். அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். எஸ்டேட் ஞாயிற்றுக்கிழமையாதலால் சத்தமில்லாமல் கிடந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அவருக்காக ஊரையே எதிர்த்து நின்றுவிட்டு வருகிறேன். அவர் கொஞ்சம் அழுவார், தலையில் கை வைப்பார் என்று எதிர்பார்த்தேன். மண்ணூர்பேட்டை திருப்பம் வந்தது. நானே ஆரம்பித்தேன்.

“இன்னா நைனா, கோவமா? நீ யாருன்னு சொல்றதுல எனக்கு இன்னா வெக்கம்?”

அவர் நின்றார். ஐயா கொடுத்திருந்த கோட்டைக் கழற்றி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“உனக்கு வெக்கம் இல்ல கண்ணு. அது எனக்குத் தெரியும். நீ சொன்னது எல்லாமே நெசந்தான்” என்றார். “ஆனா ஒண்ணு. இந்த மூணு வாரமா என்னிய யாரும் வாடா போடான்னு கூப்புடல. வாங்க, குந்துங்கன்னாங்க. எங்க அப்பன் வரப்புல கொடை புடிச்சிக்கினு நடந்தான்னு நான் சொல்லச் சொல்ல, எனக்கே அது கண்ணுல தெரிஞ்சிது. செத்துப்போன மனுசன், ஒரு நாளாவது நடந்துட்டுப் போவட்டுமேன்னு விட்டேன். இன்னிக்கு நீ எழுந்து, அவன் கூலிக்கு ஏர் ஓட்டுனான்னு கோயில்லயே சொல்லிட்ட. நான் அவனைத் திருப்பியும் சேத்துல எறக்கணும்.”

 வீட்டுக்குப் போனதும் கோட்டை மடிப்புக் கலையாமல் காகிதத்தில் சுற்றி, நாளைக்கு ஐயா வீட்டில் கொடுத்துவிடு என்று அம்மாவிடம் தந்தார்.